"என்ட லாப்டாப்பில ஓடுதக்கா"

போன ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி, செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டான்: "அக்கா, ஃபார்ம் காணாமப் போச்சு."

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு முன் விறாந்தைதான் என் அலுவலகம். கிழமை நாட்களில் அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் விண்டோஸில் ஓடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். ஞாயிறு காலையில் சி ஷார்ப் என்ற நிரல்மொழி படிக்கிற பிள்ளைகள் யாராவது லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காசு வாங்குவதில்லை. முருங்கைக்காய், தயிர்ச்சட்டி என்று எது வந்தாலும் அம்மா வாங்கி வைத்துக்கொள்வார்.

தம்பி மாமாவின் பலசரக்குக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறான். திரையைத் திருப்பிக் காட்டினான். மென்பொருள் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவில், ஃபார்ம், அதாவது அவன் கீறிய சன்னல், இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பக்கம். தரவு இழப்பைத் தவிர்க்க வேண்டுமானால் முதலில் கீழுள்ள பிழைகளைத் தீர்க்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இது மூண்டாம் தரம் அக்கா. ரெண்டு தரமும் எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து கீறினேன்."

நான் சிரிக்கவில்லை. படிக்கிற காலத்தில் நானும் இதே பிழைக்காக ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து திரும்பக் கீறியவள்தான்.

நடந்தது இதுதான். ஃபார்மைக் கீறும் டிசைனரில், எழுத்துக் காட்டும் லேபிள் ஒன்றை நகர்த்தப் போனவன், தெரியாமல் இரண்டு தரம் கிளிக் பண்ணியிருக்கிறான். உடனே விஷுவல் ஸ்டூடியோ, இந்த லேபிளை அழுத்தினால் ஏதோ நடக்க வேண்டுமாக்கும் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, லேபிள்1_கிளிக் என்ற பெயரில் வெறும் மெதட் ஒன்றை, அதாவது கட்டளைகள் எழுதுவதற்கான வெற்றுத் தொகுதி ஒன்றை, எழுதி வைத்துவிடும். இவன் அதைக் கண்டு, நான் கேட்காதது எப்படி வந்தது என்று அழித்துவிட்டான். அழிந்தது மெதட் மட்டும். லேபிளையும் மெதட்டையும் முடிச்சுப் போடும் வரி வேறு கோப்பில் கிடக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் சொலூஷன் எக்ஸ்புளோரரில் ஃபார்முக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முக்கோணத்தை விரித்தால், டிசைனர் என்று முடியும் பெயரோடு அந்தக் கோப்பு இருக்கும். முடிச்சு இருக்கிறது, முடிச்சின் மறுமுனையில் ஆள் இல்லை. அதனால்தான் ஃபார்மைத் திறக்க மறுக்கிறது.

கீழே இருக்கும் பிழைப் பட்டியலை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். தடுமாறி வாசித்தான். கோப்பின் பெயர் இருந்தது, வரி எண்ணும் இருந்தது. அதை இரண்டு தரம் கிளிக் பண்ணியதும் நேரே அந்த வரியில் கொண்டுபோய் விட்டது. கூட்டல் அடையாளமும் சமன் அடையாளமும் ஒட்டி வரும் ஒரே ஒரு வரி. அழித்தான். ஃபார்ம் வந்து நின்றது.

"இவ்வளவுதானா?" என்றான். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் கூட. மூன்று நாள் போயிருக்கிறது, பாவம். ஆனால் அந்த மூன்று நாளும் அந்தப் பட்டியல் அவன் கண் முன்னால்தான் இருந்தது. சிவப்பைக் கண்டதும் பிள்ளைகள் யமனைக் கண்டதுபோல் மூடிவிடுகிறார்கள். அதனால்தான் என் விறாந்தையில் பிழைச் செய்தியை வாய்விட்டு வாசிக்காமல் யாரும் கேள்வி கேட்க முடியாது.

"இப்ப என்ட லாப்டாப்பில நல்லா ஓடுதக்கா."

"சரி, அப்ப போடியாரில போடு."

போடியார் என்பது என் மேசைக்குக் கீழே இருக்கும் பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி நினைவகம். 1366க்கு 768 திரை, அதிலும் எழுத்தளவை 125 வீதமாக்கி வைத்திருக்கிறேன். திகதி அமெரிக்க முறையில், மாதம் முன்னால். நுழையும் கணக்குக்கு நிர்வாகி உரிமை கிடையாது. டி டிரைவ் இல்லை, ஆபீஸ் இல்லை, விஷுவல் ஸ்டூடியோவும் இல்லை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கும்படி அம்மா வருடத்துக்கு இரண்டு தரமாவது சொல்வார். நான் எழுதும் எதுவும் வெளியே போகும் முன் அந்தப் பெட்டியில் ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு ஏன் போடியார் என்று பெயர் வந்தது என்றால், கதை சம்மாந்துறைக்குப் போகும்.

2016, பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கிய நேரம். அங்கே ஓர் அரிசி ஆலைக்கு எடைமேடை மென்பொருள் எழுதியிருந்தேன். லொறி மேடையில் ஏறும். மேடையோடு இருக்கும் பெட்டி எடையைக் காட்டும், அதையே சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கும் அனுப்பும். என் மென்பொருள் அதை வாங்கி எடைத் துண்டு அடிக்கும். வீட்டில் லொறி ஏற்ற மேடைக்கு எங்கே போவது? எடை அனுப்புவதுபோல் நடிக்கும் இன்னொரு சின்னப் புரோகிராமை எழுதி, பொய்யான ஒரு சீரியல் போர்ட்டால் இரண்டையும் இணைத்து ஒரு கிழமை சோதித்தேன். ஒரு பிழை இல்லை. காரைதீவுச் சந்தியில் பஸ் மாறி, பெரிய எஞ்சினியர்போல் போய் இறங்கினேன்.

முதல் லொறி ஏறியது. மேடைப் பெட்டியில் 12450. என் திரையில் 124. கண் சிமிட்டுவதற்குள் 50. மறுகா 1. எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடும் ஆலைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "தங்கச்சி, லொறியில ஏத்தினது நெல்லா, பஞ்சா?"

லொறிச் சாரதி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சீரியல் போர்ட்டின் டேட்டா ரிசீவ்ட் என்ற நிகழ்வு நடந்தால், வரி முழுதாக வந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அது சொல்வது 'கொஞ்சம் வந்திருக்கிறது' என்பதை மட்டுமே. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். கணினிக்கு அது பெரிய இடைவெளி. மூன்று எழுத்து வந்ததும் ஒரு தரம் கூப்பிடலாம், மிச்சத்துக்கு இன்னொரு தரம் கூப்பிடலாம். வீட்டில் என் நடிப்புப் புரோகிராம் முழு வரியையும் ஒரே மூச்சில் கொடுத்ததால் எனக்கு அது தெரியவேயில்லை. சோதனையையும் நானே எழுதினால், எனக்குத் தெரிந்த பிழையை மட்டும்தானே சோதிப்பேன்.

வைத்தியம் எளிது. வருகிற எழுத்துகளை ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துச் சரத்தில், சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வரி முடிவு அடையாளம் வந்த பிறகு அதுவரை உள்ளதை மட்டும் வெட்டி எடுத்து எண்ணாக்க வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சியதை எறிந்துவிடக் கூடாது, அது அடுத்த வரியின் தலை. வாங்கில் இருந்து அரை மணித்தியாலத்தில் திருத்தினேன். 12450 வந்தது. ஹாஜியார் தேத்தண்ணி சொல்லிவிட்டார்.

நான் செய்த இன்னொரு கூத்து அன்று வெளியே தெரியவில்லை, நாலு நாள் கழித்துத் தெரிந்தது. ஒரு மென்பொருளுக்குள்ளேயே தனித்தனியாக ஓடும் வேலைக்கோடுகளை த்ரெட் என்பார்கள். அந்த டேட்டா ரிசீவ்ட் ஓடுவது ஃபார்மை வரையும் த்ரெட்டில் அல்ல, வேறொரு த்ரெட்டில். அங்கிருந்து நேராக லேபிளில் எழுதப் போனால், 'கிராஸ் த்ரெட் ஆப்பரேஷன் நாட் வேலிட்' என்று விஷுவல் ஸ்டூடியோ நிறுத்தும். நானும் எல்லோரையும்போல அந்த வாக்கியத்தை இணையத்தில் தேடினேன். செக் ஃபார் இல்லீகல் கிராஸ் த்ரெட் கால்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கு என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆக்கினேன். பிழை போய்விட்டது. உண்மையில் போனது காவல் நாய்தான், கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். சரியான நெரிசலான ஒரு பின்னேரம், எடை ஒரே எண்ணில் உறைந்து நின்றது. கிளார்க் அதைக் கவனிக்காமல் மூன்று லொறிக்கு ஒரே எடையில் துண்டு அடித்துவிட்டார்.

இதில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தக் காவல், வழமையாக விஷுவல் ஸ்டூடியோவுக்குள் டிபக் பண்ணி, அதாவது பிழை தேடி, ஓட்டும்போது மட்டுமே வேலை செய்யும். வெளியே தனியாக ஓடும்போது நாய் குரைக்காது. அதனால் 'ஆலையில் பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை' என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. சரியான வழி, லேபிளில் எழுதும் வேலையை பிகின் இன்வோக் மூலம் ஃபார்மின் த்ரெட்டிடம் ஒப்படைப்பது. வெறும் இன்வோக்கும் இருக்கிறது, ஆனால் அது வேலை முடியும்வரை காத்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஃபார்ம் சீரியல் போர்ட்டை மூடப் போனால், போர்ட்டுக்காக ஃபார்மும் ஃபார்முக்காக போர்ட்டும் காத்து நின்று, சன்னல் மூடவே மூடாது. அதையும் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

த்ரெட் என்றதும் பிள்ளைகள் மிரளுகிறார்கள். ஒற்றை ஆள் நடத்தும் தேத்தண்ணிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் ஆற்றுகிறார், அவர்தான் காசு வாங்குகிறார். சீனி முடிந்து, அவரே சைக்கிளில் ஏறிப் போய்விட்டால் கல்லாவுக்கு முன்னால் நிற்பவனைப் பார்க்க யாருமில்லை. கடை திறந்துதான் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. விண்டோஸ் ஐந்து நொடி பார்க்கும், பிறகு சன்னலை வெளுக்கச் செய்து தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். ஃபார்மின் த்ரெட் அந்தக் கடைக்காரர். சீனி வாங்க வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

ஆலையில் ஒரு போகத்துக்கான அறிக்கை எடுக்கும் பட்டனில் இதுதான் நடந்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கூட்ட இருபது நொடி. முதல் அழுத்தலுக்குச் சத்தமில்லை என்று கிளார்க் படபடவென்று இன்னும் நாலு தரம் அழுத்தியிருக்கிறார். சன்னல் வெளுக்கும் முன் விழுந்த அழுத்தல்கள் வரிசையில் காத்து நின்று, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அறிக்கைகள் அச்சாகி வந்தன. ஒரு கட்டுத் தாள் போச்சு. இப்போது நான் செய்வது: அழுத்தியவுடன் முதல் வரியிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்வேன், கூட்டும் வேலையை டாஸ்க் டாட் ரன்னுக்குள் போட்டு வேறு த்ரெட்டுக்கு அனுப்பி, ஃபார்மை நிறுத்தாமல் முடிவுக்குக் காத்திருக்கும்படி அவெய்ட் பண்ணுவேன், முடிவில், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் பட்டனைத் திரும்பத் திறப்பேன். ஃபைனலியில் வைக்காவிட்டால், இடையில் பிழை வந்த நாளில் பட்டன் செத்தபடியே கிடக்கும். அவெய்ட் 2012இல் சி ஷார்ப் 5உடன் வந்தது. அதற்கு முந்திய பாடக் குறிப்புகளைத்தான் இன்னும் சில வகுப்புகளில் கொடுக்கிறார்கள். அவற்றில் வரும் பழைய முறையான பேக்கிரவுண்ட் வொர்க்கரும் பிழையில்லை, வேலை செய்யும். எழுதத்தான் நீளம்.

சரி, போடியார். பெரிய வயல்காரரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். அந்த ஆலைக்கு நெல் கொண்டுவரும் போடியார்களில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர், வெற்றிலைப் பையும் பேனையும் இல்லாமல் வரமாட்டார். ஈரத்துக்கும் பதருக்கும் நூற்றுக்கு ஒரு கிலோ கழிவு என்று அவருக்கும் ஆலைக்கும் பேச்சு. கழிவை முழுக் கிலோவாக்கித்தான் துண்டில் போடுவோம். அன்று அவருக்கு இரண்டு லொறி. 6250 கிலோவுக்கு 62.5, 6350 கிலோவுக்கு 63.5. என் மென்பொருள் முதலாவதுக்கு 62 கழித்தது, இரண்டாவதுக்கு 64.

சிகரெட் பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்து வெள்ளையில் கணக்குப் போட்டு என் முன்னால் வைத்தார். "ஒரு லொறிக்கு அரைக் கிலோவ எனக்கு விட்டாய். மத்த லொறிக்கு அரைக் கிலோவ என்னட்டப் பிடிச்சாய். என்ன கணக்கு புள்ள இது?"

கணினி பிழை விடாது என்று நான் வாதாடினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், சி ஷார்ப்பில் மேத் டாட் ரவுண்ட் என்பது சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 62.5 என்றால் 62, 63.5 என்றால் 64. வங்கிக்காரர் முறை என்று சொல்வார்கள். நிறையக் கணக்குகளைக் கூட்டும்போது ஒரு பக்கம் சாயாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் போடியாருக்கு அப்படி ஒரு முறை இருப்பது தெரியாது, நம் பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதல்ல. மிட்பாயிண்ட் ரவுண்டிங் டாட் அவே ஃப்ரம் ஸீரோ என்று சேர்த்து எழுதினால் அரை எப்போதும் மேலே போகும். அதோடு காசையும் எடையையும் டபுள் என்ற இரும எண் வகையில் வைத்திருந்ததை டெசிமல் என்ற பதின்ம வகைக்கு மாற்றினேன். டபுளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பத்தில் ஒன்றை இரண்டின் அடுக்குகளால் முழுதாகச் சொல்ல முடியாததால் வருகிற மிச்சம் அது. பலசரக்குக் கடை பில் எழுதும் தம்பியும் டபுளைத்தான் போட்டிருந்தான். மாற்ற வைத்தேன்.

அடுத்த நடையில் போடியார் என் திருத்தத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலை நீட்டினார். மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குப் பெயர் வைத்தது அந்த வாரம்தான்.

அந்த ஆலையில் என்னால் நடந்த மோசமான பிழை இன்னொன்று, அதை யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. தவிடு விற்பனைக்கும் பில் போடும் பகுதி ஒன்று எழுதியிருந்தேன். ஓர் இரவு கல்லாவில் காசு கூட, கணினிக் கணக்கில் குறைய. கிளார்க்கின் மேல்தான் எல்லோர் கண்ணும். அடுத்த நாள் பில் கொப்பிகளையும் தரவுத்தளத்தையும் ஒன்றொன்றாக ஒப்பிட்டேன். அச்சான ஒரு பில் தரவுத்தளத்தில் இல்லை. வாங்கியவர் மட்டக்களப்புப் பறங்கியர் ஒருவர். அவருடைய குடும்பப் பெயரில் டி என்ற எழுத்துக்குப் பிறகு ஒற்றை மேற்கோள் குறி வரும். நான் பெயரை நேராக எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள், அதாவது தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளைக்குள், ஒட்டியிருந்தேன். பெயரில் வந்த மேற்கோள் என் வாக்கியத்தை நடுவில் மூடிவிட்டது. தரவுத்தளம் பிழை என்று கத்தியிருக்கிறது. அதைப் பிடித்த கேட்ச் பகுதிக்குள் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வெறும் அடைப்புக்குறிகள். கத்தியதை விழுங்கிவிட்டு, மென்பொருள் பேசாமல் பில்லை அச்சடித்திருக்கிறது.

பெயரை வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியாக, பாராமீட்டராகக் கொடுத்தால் மேற்கோள் வந்தாலும் மேகம் வந்தாலும் பிரச்சினையில்லை. தவிர, பெயருக்குப் பதில் வேண்டுமென்றே ஒரு கட்டளையை எழுதி அட்டவணையையே அழிக்க நினைப்பவனுக்கும் அது பூட்டு. சேமித்தது உறுதியான பிறகுதான் அச்சு. கேட்ச்சுக்குள் என்ன பிழை, எத்தனை மணிக்கு, எந்த வரி என்று ஒரு கோப்பில் எழுதாமல் இப்போது நான் எதையும் விடுவதில்லை. கிளார்க்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தங்கச்சி" என்றார். அன்றைய இரவு அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி தம்பியின் கதைக்கு வருவோம். எழுதியதை ஓடும் கோப்பாக்குவதை, அதாவது பில்ட் பண்ணுவதை, விஷுவல் ஸ்டூடியோ கொண்டுபோய் வைக்கும் 'பின் டிபக்' ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து போடியாரில் ஓட்டினான். திறந்ததுமே விழுந்தது: 'மைக்ரோசாஃப்ட் ஏஸ் ஓலெடிபி 12.0' என்ற புரொவைடர் இந்தக் கணினியில் பதியப்படவில்லையாம். அவன் அக்சஸ் தரவுத்தளம் பாவிக்கிறான், அதைத் திறக்கும் டிரைவர்தான் அது. அவனுடைய லாப்டாப்பில் ஆபீஸ் இருப்பதால் அந்த டிரைவரும் இருந்திருக்கிறது, அவனுக்கே தெரியாமல். போடியாரில் ஆபீஸ் இல்லை. இதில் 32 பிட், 64 பிட் என்ற இழுபறி வேறு. டிரைவர் எத்தனை பிட்டோ, மென்பொருளையும் அத்தனை பிட்டாக பில்ட் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் நிறுவிய பிறகும் இதே செய்தி வரும். மாமாவின் கடைக் கணினியில் 32 பிட் ஆபீஸ் இருந்தால் 64 பிட் டிரைவர் ஏற மறுக்கும். இப்போதைக்கு டிரைவரை நிறுவினோம். நீண்ட நாளைக்கு எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்துக்கு மாறச் சொன்னேன். ஒரே கோப்பு, தேவையான லைப்ரரியை மென்பொருளோடு சேர்த்தே கொடுத்துவிடலாம், கடையில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

மறுகா பில் சேமிக்கப் போய் விழுந்தது. டி டிரைவில் பில்ஸ் என்ற ஃபோல்டரைத் தேடியிருக்கிறது. போடியாரில் ஏது டி டிரைவ்? "அப்ப சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள போடட்டா?" என்றான். அங்கே சாதாரணக் கணக்கு எழுத முடியாது, விஸ்டா காலத்திலிருந்தே அப்படித்தான். பயனாளரின் ஆப் டேட்டா ஃபோல்டர் எங்கே என்று விண்டோஸிடமே கேட்டு வாங்கலாம். என்வைரன்மென்ட் டாட் கெட் ஃபோல்டர் பாத் அதற்குத்தான் இருக்கிறது. பாதையை பாத் டாட் கம்பைனால் ஒட்டினால் பின்சாய்வுக் கோட்டை மறந்துவிடும் தொல்லையும் இல்லை.

125 வீதத் திரையில் 'சேமி' பட்டன் கீழே வெட்டுப்பட்டுப் பாதிதான் தெரிந்தது. பட்டனைச் சன்னலின் ஓரத்தோடு கட்டிவைக்கும் ஆங்கர் போடவில்லை, போட்டான். மார்ச் 5ஆம் திகதி பில்லை மே 3ஆம் திகதியில் தேடிக்கொண்டிருந்தது. திகதியை எழுத்தாக்கி ஒட்டாமல் திகதியாகவே பாராமீட்டரில் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இதற்கெல்லாம் நடுவில் வேடிக்கை ஒன்று. "அக்கா, இதில ஒரு ஆச்சரியம். என்ட லாப்டாப்பில பில் போட்டு சேவ் பண்ணினா சேவ் ஆகுது. மறுகா கோட்ல ஒரு எழுத்து மாத்திட்டு ஓட்டினா எல்லாம் போயிடுது. போடியாரில மட்டும் அப்படியே இருக்கு."

போடியாரில் சரி, லாப்டாப்பில் பிழை. இத்தனை வருடத்தில் இப்படித் தலைகீழாக வருவது அபூர்வம். காரணம் லேசானது. தரவுத்தளக் கோப்பு அவனுடைய புராஜெக்டுக்குள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தரம் பில்ட் பண்ணும்போதும் அதன் பிரதி ஒன்று பின் டிபக் ஃபோல்டருக்குப் போகிறது. ஓடும் மென்பொருள் எழுதுவது அந்தப் பிரதியில். கோப்பின் பண்புகளில் 'காப்பி டு அவுட்புட் டிரெக்டரி' என்ற இடத்தில் 'காப்பி ஆல்வேஸ்' என்று இருந்தது. ஆகவே புதிதாக பில்ட் ஆகும்போது வெறும் கோப்பு வந்து, நேற்று எழுதிய பிரதியின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. போடியாரில் பில்ட் நடப்பதேயில்லை, அதனால் தப்பியது. 'காப்பி இஃப் நியூவர்' என்று மாற்றினோம். இரண்டு கிழமையாக, தரவைச் சேர்க்கும் இன்சர்ட் வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். அதில் ஒரு பிழையும் இல்லை.

கடைசியாக மாமாவின் விலைப்பட்டியல். எக்ஸெலில் அழகான தமிழ். இவனுடைய ஃபார்மில் அட்டவணை காட்டும் கிரிட்டில் ஆங்கில எழுத்துக் குப்பை. நான் திரையைப் பார்க்காமலே கேட்டேன், "பாமினியா?" பாமினிதான். நம் ஊரில் பழைய கோப்பு எதைத் திறந்தாலும் பாமினிதான். அந்த எழுத்துருவில் 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிரிட்டுக்கும் பாமினி எழுத்துருவைப் போட்டு மறைத்துவிடலாம் என்று அவனுக்கு ஓர் எண்ணம். அப்படிச் செய்தால் தேடல் வேலை செய்யாது, அகரவரிசையும் ஆங்கில வரிசையில் வரும். ஒரே தரம் யூனிகோடுக்கு மாற்றிவிடு என்றேன். மாற்றினான். (சம்மாந்துறை ஆலையில் எனக்கு வந்தது வேறு: எஸ்கியூஎல் சர்வரில் பெயர் நிரலை வார்கேராக வைத்ததால் எல்லா விவசாயியின் பெயரும் கேள்விக்குறியாக நின்றது. யூனிகோடு ஏற்கும் என்வார்கேராக மாற்ற வேண்டும். ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியானது திரும்பி வராது, திரும்பத் தட்டச்சத்தான் வேண்டும். தட்டச்சினேன்.)

பகல் ஒன்றரைக்கு, அம்மா கொடுத்த சோற்றையும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

புதன்கிழமை இரவு கடையிலிருந்தே போன் பண்ணினான். எல்லாம் ஓடுதாம், மாமாவுக்குப் புளுகமாம். ஆனால் பில் பிரிண்டரில் தமிழ் வரவில்லை, சரக்குப் பெயர் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறி. அந்தச் சின்ன தெர்மல் பிரிண்டர்களின் எழுத்துப் பட்டியலில் தமிழ் பெரும்பாலும் இருக்காது. தமிழ் வரியைக் கணினியிலேயே படமாக வரைந்து, படமாகத்தான் அனுப்ப வேண்டும். 80 மில்லிமீற்றர்த் தாளுக்கு அகலம் 576 புள்ளி, 58க்கு 384. எந்தத் தாள் என்று கேட்டேன். மாமாவிடம் கேட்டுவிட்டு வந்து, அடிமட்டம் வைத்து அளந்து, 58 என்றான்.

384 புள்ளிக்குள் 'வெள்ளைப்பூண்டு 250 கிராம்' என்பதும் விலையும் ஒரே வரியில் கொள்ளாது. 'அம்மா' என்று மூன்று எழுத்தாகத் தெரிவதை ஸ்ட்ரிங் டாட் லெங்த் ஐந்து என்று எண்ணும், ஆகவே எழுத்தை எண்ணி இடம்விடும் பழைய வித்தையும் தமிழுக்குச் சரிவராது, புள்ளியால் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தாள் ரோல் இரண்டு கூடக் கொண்டுவா என்றும் சொன்னேன், முதல் நாளில் ஒன்று போதாது.